முதல் ஸ்டார்ட்டிலேயே வார்னிங்கா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளுக்கு அரசுப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸ் படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கல்லூரித் தம்பி டெபியன் லினக்ஸ் போட்டு, லிப்ரே ஆபீஸையும் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். மகள் டெர்மினல் என்கிற கறுப்புத் திரையிலிருந்து அதை முதல்முறை திறந்ததும், ‘ஜாவா கிடைக்கவில்லை’, ‘வார்னிங்: ஜாவால்டிஎக்ஸிடமிருந்து பாதையைப் படிக்க முடியவில்லை’ என்று இங்கிலீஷில் வரிகள். பயந்துபோய் கடைக்கு எடுத்துப் போனால், "ஹார்ட் டிஸ்க் போச்சும்மா, மாத்தணும், மூவாயிரம் ஆகும்" என்றாராம் கடைக்காரர். ‘தக்காளிக்குப் பறிகூலிகூட மிஞ்சாத நேரம் சார், மாத்தித்தான் ஆகணுமா?’ என்று கேட்கிறார்.

அந்த வரிகளுக்காக மாற்ற வேண்டாம் அம்மா. அதற்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லை.

லிப்ரே ஆபீஸ் எழுந்திருக்கும்போது, ‘இந்த வீட்டில் ஜாவா இருக்கிறதா?’ என்று தேடிப் பார்க்க ஒரு குட்டி நிரலை அனுப்பும். அதன் பெயர்தான் ஜாவால்டிஎக்ஸ். ஜாவா இல்லையென்றால் ‘இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, ஆபீஸ் தன் வேலையைத் தொடங்கிவிடும். கடிதம் எழுத, கணக்குப் போட, ஸ்லைடு தயாரிக்க ஜாவா தேவையே இல்லை. பேஸ் என்கிற தரவுத்தளப் பகுதிக்கும் வேறு சில வசதிகளுக்கும்தான் வேண்டும். ஐகானைச் சொடுக்கித் திறந்திருந்தால் இந்த வரிகள் உங்கள் மகள் கண்ணில் பட்டே இருக்காது. டெர்மினலில் திறந்ததால் உள்ளே நடக்கிற பேச்சு வெளியே கேட்டுவிட்டது, அவ்வளவுதான்.

இதேபோல ‘கான்பெரா ஜிடிகே மாட்யூல்’ ஏறவில்லை என்றும் சில நிரல்கள் புலம்பும். பொத்தானை அழுத்தினால் ‘டிங்’ என்று சத்தம் போடுகிற சமாச்சாரம் அது. இல்லாவிட்டால் நிம்மதி என்றுதான் நான் சொல்வேன்.

புது மிக்ஸியை முதல்முறை ஓட்டும்போது மோட்டாரிலிருந்து லேசாகக் கருகல் வாசனை வருமே? வார்னிஷ் சூடாகிற வாசனை அது. நாலு தடவை சட்னி அரைத்தால் போய்விடும். புகை வந்தால்தான் சுவிட்சை அணைப்போம். இங்கேயும் அதே கணக்கு. வார்னிங் வந்த பிறகும் நிரல் திறக்கிறதா? நாலு வரி தமிழில் அடித்து, சேமித்து, மூடி, மறுபடி திறந்தால் அப்படியே இருக்கிறதா? இருந்தால் வேலையைப் பாருங்கள். ‘எரர்’ என்று சொல்லிவிட்டு நிரல் திறக்காமலே நின்றுபோனால், அந்த வரியை அப்படியே கூகுளில் போட்டுத் தேடச் சொல்லுங்கள்.

டிஸ்க் நிஜமாகவே போகிறதென்றால் அடையாளமே வேறு. ‘இன்புட் அவுட்புட் எரர்’ திரும்பத் திரும்ப வரும், ஃபைல்கள் பாதியில் நிற்கும், சில சமயம் உள்ளேயிருந்து டக் டக் என்று சத்தம் கேட்கும். அப்போது முதல் வேலை, மகளின் சான்றிதழ் நகல்களைப் பென் டிரைவில் எடுத்து வைப்பது. கடைக்குப் போவது அதற்கப்புறம்.

இன்னொரு சங்கதி. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஆரம்பத்தில் தந்த லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆக, அந்தத் தம்பி போட்டுக் கொடுத்தது அரசு லேப்டாப்புக்கு அந்நியமான சரக்கில்லை.

பயப்பட வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இணையம் பார்க்கும்போது, ‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்’ என்று திரை முழுக்க அலறும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. அழைக்காதீர்கள், பிரவுசரை மூடுங்கள். ஏற்கெனவே பேசிப் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கடைக்காரரிடம் லேப்டாப்பைத் திரும்ப வாங்கும்போது, பழைய டிஸ்க் உள்ளேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் அம்மா.