சுருளி அருவியும் சுருக்கும் வித்தையும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வீடியோவைப் பற்றிப் பேசும்போது, படம் நன்றாயிருக்கிறதா என்று கேட்பதற்கு முன், அது வந்து சேருமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. தேனிக் கடைவீதியில் தங்கு தடையின்றி ஓடும் பாடம், மேகமலைப் பக்கம் ஏறினால் நடுவில் நின்று வட்டம் சுற்றத் தொடங்கிவிடும். 2020-ஆம் ஆண்டில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த மாதங்களில், ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக் கொண்ட வீடுகளுக்கு அந்த வட்டத்தின் பொருள் நன்றாகத் தெரியும். ஆகையால், வீடியோவைச் சுருக்கும் ஒரு புரோகிராமின் அபிவிருத்திகளைப் பற்றி இவ்வாரம் எழுதுவதை நேயர்கள் வெறும் யந்திர சாஸ்திரம் என்று ஒதுக்கிவிட மாட்டார்கள் என்று நம்புகிறேன். அதிலும் நம் சென்னைப் பொறியாளர்களின் கைவண்ணம் பெரிதும் கலந்த புரோகிராம் அது.

அதன் பெயர் எக்ஸ்265. பெயர் சூட்டியவர்களுக்குக் கவிதையுணர்ச்சி சற்றுக் குறைவு! மல்டிகோர்வேர் என்னும் கம்பெனி 2013-இல் இந்த வேலையைத் தொடங்கிற்று. கம்பெனியின் தலைமை இடம் அமெரிக்கா. ஆனால் நிரல் எழுதும் கரங்களில் பல சென்னையில் இருக்கின்றன. மூல நிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம்.

சுருக்குவதற்கு அப்படி என்ன அவசியம்? இன்று சாதாரணமாகிவிட்ட ஒரு தெளிவான படத்தில் 20,73,600 புள்ளிகள். வினாடிக்கு 24 படங்கள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் உள்ளபடி எழுதினால் ஒரு வினாடிக்கே ஏறக்குறைய 15 கோடி பைட்டுகள் ஆகின்றன. எந்தக் கோபுரமும் இதைத் தாங்காது. எனவே வாத்தியார் வருகைப் பதிவில் கையாளும் யுக்தியைப் புரோகிராமும் கையாள்கிறது. வந்தவர் நாற்பது பேரையும் யார் எழுதுவார்? வராத இருவரைக் குறித்தால் போதுமல்லவா? அப்படியே, முந்திய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அது குறித்துக் கொள்கிறது. 2003-இல் வந்த எச்.264 முறையில் படத்தை 16 புள்ளிச் சதுரங்களாக முதலில் பிரித்தார்கள். 2013-இல் வந்த எச்.265 முறையில் சதுரம் 64 புள்ளி வரை பெரிதாகலாம். நீல வானம் சமவெளி வயலைப் போல ஒரே பெரும் பாத்தி. திராட்சைக் கொடியின் இலைகளோ மலைச்சரிவுத் தோட்டம்போலச் சின்னஞ்சிறு பாத்திகள். இதனால் அதே தெளிவுக்கு ஏறக்குறைய பாதி அளவு போதுமென்று ஆகிவிட்டது. சுருளி அருவியிடம் மட்டும் இந்த வித்தை எளிதில் பலிப்பதில்லை. அங்கே கணந்தோறும் புதுத் துளிகள். வருகைப் பதிவில் தினமும் புது மாணாக்கர் வந்தால் வாத்தியார் என்ன செய்வார்?

2024-இல் இந்தப் புரோகிராமுக்கு இரண்டு முக்கியமான பதிப்புகள் வந்தன. ஏப்ரலில் வந்த 3.6, மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படங்களில் மின்னும் பொடிப் புள்ளிகளை முன்பின் படங்களோடு ஒப்பிட்டு நீக்கும் வடிகட்டியைக் கொண்டு வந்தது. ஆர்ம் வகைச் செயலிகளில் வேகமும் கூடிற்று. செப்டம்பரில் வந்த 4.0 பெரும் ஆரவாரத்துக்குரியது: இரு கண்களுக்கும் தனித்தனிக் காட்சி, பின்புலம் ஊடுருவித் தெரியும் படம், இன்னும் பல. இவற்றுக்கு நம் பள்ளத்தாக்கில் உடனடிப் பிரயோஜனம் அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம். அதே பதிப்பில் அடக்கமாக வந்த மற்றொன்றுதான் என் மனத்தைக் கவர்ந்தது. கணினித் திரையில் எழுத்துகளைக் காட்டி நடத்தும் பாடத்தில், 'அ' என்ற எழுத்து ஒரே படத்தில் இருபது இடங்களில் வரலாம். ஒவ்வொன்றையும் புதிதாக வரையாமல், "மேலே உள்ளதைப் பார்" என்று சுட்டிவிடும் முறை அது. பாடம் நடத்துவோருக்கு இதைவிட உகந்த சலுகை ஏது? ஆனால் பெறுகின்ற கருவியும் அந்தச் சுட்டுதலைப் புரிந்துகொள்ள வேண்டும். எல்லாக் கைப்பேசிகளும் அதற்குப் பழகியவை அல்ல. அனுப்புகிறவன் கற்றுக்கொண்டு பெறுகிறவன் கற்காவிட்டால் கடிதம் எப்படிப் போகும்?

வேறொரு சிக்கலும் உண்டு. நிரல் திறந்திருந்தாலும், எச்.265 முறைக்குள் அடங்கிய யுக்திகள் பலவற்றுக்குப் பல நாட்டுக் கம்பெனிகள் காப்புரிமை வைத்திருக்கின்றன. அந்தக் கட்டணத் தொல்லையை ஒழிக்கவே 2018-இல் ஏவி1 என்ற மாற்று முறை வெளியாயிற்று.

சொந்தமாகச் சுருக்கிப் பார்க்க விரும்புவோர் ஹேண்ட்பிரேக் என்ற இலவசப் புரோகிராமின் வழியே எக்ஸ்265-ஐ இயக்கலாம். வேகத்துக்குப் பத்துப் படிகள் இருக்கின்றன. மெதுவான படியில் கணினி அதிக நேரம் உழைக்கும். கோப்பு பொதுவாகச் சிறுக்கும். ஒரு முறை ஒரு கணினி பட்ட பாடு, பார்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் டேட்டாவை மிச்சப்படுத்துகிறது. கடைசிப் படியின் பெயர் 'பிளாசிபோ', அதாவது நோயாளியின் மனத்திருப்திக்காக வைத்தியர் கொடுக்கும் வெறும் மாத்திரை! அதனால் அதிகப் பயன் இல்லையென்று ஆக்கியோரே ஒப்புக்கொண்டிருப்பது எவ்வளவு நேர்மை! எக்ஸ்265-இன் சொந்த அமைப்பில் தரத்துக்கு 28 என்ற எண் இயல்பாக அமைந்திருக்கும். எண் குறைந்தால் தெளிவும் கோப்பின் பருமனும் கூடும். முழுப் பாடத்தையும் சுருக்குமுன் ஒரு நிமிஷப் பகுதியைச் சோதித்துக் கொள்வது நல்லது. வீட்டில் பழைய தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால், கல்யாண வீடியோவுக்கு எச்.264 பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். பாட்டியம்மாள் பார்க்க விரும்புவது அந்தப் பெட்டியிலேதான்.