கைகள் பேசிய வீடு

சர்க்கஸில் வேலை பார்க்கும் ஒருவன், தான் விரும்பும் பெண்ணுக்காகத் தன் இரண்டு கைகளையும் அறுவை சிகிச்சையில் எடுத்துவிடுகிறான். ஆண்களின் கை மேலே பட்டாலே நடுங்கி விலகுபவள் அவள். காயம் ஆறி ஆசையோடு திரும்பி வருகிறான். இதற்குள் அவளுக்குப் பயம் தெளிந்துவிட்டது; ஒரு பயில்வானின் கைகளுக்குள் சந்தோஷமாக நிற்கிறாள். அதைப் பார்த்து இவன் சிரிக்கத் தொடங்குகிறான். அவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அவன் சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. கண்கள் அகன்று, தாடை இறுகி, எந்த நொடியில் அது ஓலமானது என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

1927-இல் வந்த ‘தி அன்நோன்’ படத்தின் காட்சி இது. இயக்கியவர் டாட் பிரௌனிங். நடித்தவர் லான் சேனி. அந்தப் பெண்ணாக வந்த ஜோன் கிராஃபோர்டு பின்னாளில் பெரிய நட்சத்திரமானார். நடிப்பு என்றால் என்ன என்பதைச் சேனியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொல்லியிருக்கிறார். போன வாரம் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, பின்னாளில் சேர்த்த இசையையும் அணைத்துவிட்டு, இந்தக் காட்சியை நான்கு முறை பார்த்தேன். கைகளே இல்லாத ஒரு மனிதனாக அவர் நிற்பதுதான் என்னை அதிகம் உலுக்கியது. ஏனென்றால் சேனி பிறந்த வீட்டில் பேச்சே கைகளால்தான் நடந்தது.

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் 1883 ஏப்ரல் 1 அன்று பிறந்தார். அப்பா முடிதிருத்துபவர். அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. அந்த ஊரின் காது கேளாதோர் பள்ளியை 1874-இல் தொடங்கி வைத்தவரே அம்மாவின் அப்பாதான். குழந்தை வாய்ப்பேச்சோடு சைகை மொழியும் பேசி வளர்ந்தது. பிறகு அம்மா மூட்டுவாதத்தில் படுத்த படுக்கையானார். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, பையன் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்தான். தெருவில் யார் போனார்கள், கடைக்காரர் எப்படி நடந்தார், யார் யாரோடு சண்டை போட்டார்கள் எல்லாவற்றையும் அம்மாவின் கண்ணுக்கு எதிரே நடித்துக் காட்ட வேண்டும். அவருக்கு ஊர் என்பது மகனின் முகமும் உடம்பும்தான். இதைவிடக் கடினமான நடிப்புப் பள்ளியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. புரியாவிட்டால் அம்மாவின் முகம் உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

நாடகக் கொட்டகையில் மேடைத் தொழிலாளி, ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்கள், முறிந்துபோன முதல் திருமணம் என்று முப்பது வயதுவரை கஷ்டம்தான். 1913 வாக்கில் யூனிவர்சல் ஸ்டுடியோவுக்குள் நுழைந்து சின்னச் சின்ன வேடங்களில் காலம் தள்ளினார். 1919-இல் ‘தி மிராக்கிள் மேன்’ வந்தது. அதில் சேனி, ஊனமுற்றவனாக ஏமாற்றிப் பிழைக்கும் ஒருவனாக, கூட்டத்தின் நடுவில் கோணிக் கிடக்கும் தன் உடம்பை ஒவ்வொரு மூட்டாக விரித்து எழுந்து நிற்க வேண்டும். அந்தப் படத்தில் இன்று எஞ்சியிருப்பது சில நிமிடங்களே. நல்ல வேளையாக இந்தக் காட்சி தப்பியிருக்கிறது.

‘ஆயிரம் முகங்கள் கொண்டவர்’ என்று அவரைக் கொண்டாடினார்கள். மேக்கப் எல்லாம் அவரே போட்டுக்கொண்டார். ஒப்பனை பற்றி பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 1929 பதிப்புக்குக் கட்டுரை எழுதியவரும் அவர்தான். 1925-இல் ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’ வெளிவரும்வரை அதில் அவர் போட்டிருந்த மண்டையோட்டு முகத்தின் படத்தை ஸ்டுடியோ யாருக்கும் காட்டவில்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பட்டப்பெயரால் அவருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று நினைக்கிறேன். பயங்கர முகம் போட்டவர் என்றே நினைவில் நிற்கிறார். அதே படத்தில் முகமூடி போட்டுக்கொண்டு இருக்கும் நேரங்களைப் பாருங்கள். முகம் தெரியவே தெரியாது. நீண்ட விரல்கள் காற்றில் தயங்கும், கெஞ்சும், அவன் விரும்பும் பெண்ணின் தோளை நோக்கிப் போகும். அவனுடைய தனிமை முழுவதும் அந்தக் கைகளில் இருக்கிறது. அம்மாவின் கட்டிலருகே பழகிய கைகள் அவை.

ஊமைப்படக் காலத்தில் காது கேளாதவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகத் தியேட்டரில் உட்கார்ந்தார்கள். முகம் பேசியது, மிச்சத்தை எழுத்து அட்டை சொன்னது. 1927-க்குப் பிறகு பேசும் படம் வந்து அந்த அட்டைகளைத் தூக்கி எறிந்தது. சேனி சில ஆண்டுகள் பேசும் படத்தின் பக்கம் போகாமல் தள்ளி நின்றார். கடைசியில் 1930-இல், தான் ஊமைப்படமாக நடித்திருந்த ‘தி அன்ஹோலி த்ரீ’யையே மறுபடி பேசி நடித்தார். கிழவியின் குரல், கிளியின் குரல் என்று ஐந்து குரல்கள். எல்லாம் தன்னுடையவைதான் என்று சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படம் ஓடியது, குரலையும் மெச்சினார்கள். அவருடைய அப்பா அம்மாவைப் போன்றவர்களால் பின்தொடர முடியாத ஒரே சேனி படம் அது.

அதுவே கடைசிப் படமும். நுரையீரலில் புற்றுநோய். படம் வெளியாகி இரண்டு மாதம் முடிவதற்குள், ஆகஸ்ட் 26 அன்று, தொண்டையில் ரத்தம் கசிந்து இறந்தார். வயது 47. லாஸ் ஏஞ்சலீஸ் அருகே அவரை அடக்கம் செய்த இடத்தில் பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை.

கடைசி நாட்களில் அவருக்குக் குரல் போய்விட்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் வேண்டியதையெல்லாம் கைகளால்தான் கேட்டார், சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டதைப் போல.