ஃபிளெக்ஸில் மட்டும் வாழும் மன்னர்கள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கியாச்சு. தென்காசி ரோடு முழுக்க வரவேற்பு ஃபிளெக்ஸ். ஒன்றில் ‘மாமன்னர்’, இன்னொன்றில் ‘இளவரசர்’. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவனால் சும்மா போக முடியவில்லை.

எந்த மன்னர் ஐயா? பாளையங்களை 1801-ல் அடக்கிய கும்பினி, 1802-ல் நிரந்தரத் தீர்வு கொண்டுவந்தது. பணம் கட்டினால் ஜமீன், கட்டாவிட்டால் ஏலம். இதற்குப் பெயர் மணிமுடியா?

வாரிசு யார் என்பதையும் வெள்ளைக்காரன்தான் முடிவு செய்தான். சிவகங்கையில் கௌரி வல்லபரை 1801-ல் அமர்த்தியதே கும்பினி. அவர் 1829-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் அண்ணன் வழியினர் ஜமீனைப் பிடித்துக்கொண்டார்கள். மகள் காத்தம நாச்சியார் வழக்காடி, 1863-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில்தான் வென்றார். நம்ம சிவகிரி ஜமீனின் கடன் வழக்கும் 1882-ல் அங்கேதான் முடிந்தது. 1948 சட்டம் ஜமீனையே ஒழித்தது. இன்று அரசே யாருக்கும் பட்டம் சூட்டக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு.

‘பாரம்பரியப் பெருமை சார்’ என்பீர்கள். பெருமை வேண்டுமானால் நம்ம காசிவிசுவநாதர் கோயிலுக்குப் போங்கள். 1446-ல் அதைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைக் காப்பவர் யாரானாலும் அவர் பாதம் பணிகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்தான். மகனைத் தேடவில்லை, காப்பவனைத் தேடினான். சிதைந்து கிடந்த ராஜகோபுரம் 1990-ல் குடமுழுக்குக் கண்டபோது நாட்டில் மன்னர் யாரும் இல்லை.

விழா நடத்துகிறவர்களே, பெயர் போடுங்கள், ‘திரு’ போடுங்கள். ‘மன்னர்’ வேண்டாம். அதைப் படிக்கிற பிள்ளை தன்னைக் குடிபடை என்று நினைத்துவிடக் கூடாது.