முதல் பேருந்து: பெயரையா வாங்குகிறோம்?



அண்மையில் எங்கள் பள்ளியில் ஒரு கூட்டம் நடைபெற்றது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் பள்ளி வாரியத்தாரும் ஒன்றாகக் கூடியிருந்தோம். பள்ளிக்கென்று சொந்தமாக ஒரு பேருந்து வாங்குவதே பேசுபொருள். நல்ல நோக்கம். ஆனால், இரண்டரை மணி நேரம் நாங்கள் எதைப் பேசினோம் தெரியுமா? எந்த நிறுவனத்தின் வண்டி உயர்ந்தது என்பதை மட்டுமே!

"ஹினோதான் காலத்துக்கும் உழைக்கும்" என்றார் ஒருவர். "இசுசுவுக்குத்தான் உதிரிப் பாகம் மலிவு" என்றார் மற்றொருவர். டொயோட்டா கோஸ்டர் வாங்கினால்தான் பள்ளிக்கு மதிப்பு என்று ஒரு தரப்பு. அதே விலைக்குச் சீனத்துப் பேருந்தில் குளிர்சாதனமும் தொலைக்காட்சியும் கிடைக்கும் என்று மறுதரப்பு. நன்கொடையாளரின் பெயரை எவ்வளவு பெரிய எழுத்தில் வண்டியின்மீது எழுதுவது என்பதற்கே கால் மணி நேரம் கரைந்தது.

கூட்டம் முடியும் நேரத்தில் கடைசி வரிசையில் இருந்த ஒரு தாயார் எழுந்தார். "பஸ்ல பிள்ளைங்களுக்கு பெல்ட் இருக்குமாங்க சார்?" என்று கேட்டார். அவையில் சிரிப்பலை! "ஸ்கூல் பஸ்ல எங்கம்மா பெல்ட்டு?" என்று யாரோ சொல்ல, அவர் அமர்ந்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. ஆனால், வாய் திறக்கவும் இல்லை. ஏனெனில், அன்று அனைவர் கையிலும் இருந்த ஒப்பீட்டு அட்டவணையைத் தயாரித்தவனே நான்தான். நிறுவனம், விலை, இருக்கை எண்ணிக்கை, குளிர்சாதனம், உத்தரவாதம் என ஐந்து பத்திகள். இருக்கை வாருக்கு ஒரு பத்தி இல்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுத வைக்கிறது.

பேருந்து ஏன் தேவை?

நம் தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டங்களில் பிறந்தவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர்; பள்ளி மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. மாணவர் எண்ணிக்கை 150ஐ எட்டாத பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அரசு வகைப்படுத்துகிறது. இத்தகைய பள்ளிகளுக்குப் பேருந்து ஆடம்பரமன்று. அது நின்றால் மாணவர் பதிவும் நிற்கும். இதை நான் மறுக்கவில்லை. தமிழைக் காப்பதற்காக வாங்கும் வண்டி, முதலில் தமிழ்ப் பிள்ளையைக் காக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

முகப்பில் இருக்கும் பெயர் முழு உண்மையன்று

பெரிய பேருந்துகளில் பலவற்றை ஒரே நிறுவனம் முழுமையாகச் செய்வதில்லை. ஹினோ, இசுசு, ஸ்கேனியா, வால்வோ போன்ற நிறுவனங்கள் அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையும் தருகின்றன. அதன்மேல் 'பாடி' கட்டுவது நம் நாட்டிலேயே இருக்கும் வேறொரு பட்டறை. கூரை, பக்கச் சுவர், தளம், இருக்கை யாவும் அங்கேதான் உருவாகின்றன. பிள்ளை அமர்வது இயந்திரத்தின்மீதா, இருக்கையின்மீதா? வண்டி கவிழ்ந்தால் அவனைக் காப்பது முகப்பில் மின்னும் சின்னமா, கூரையைத் தாங்கும் இரும்புத் தூணா? அப்படியிருக்க, பாடியைக் கட்டியவர் யார் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கோஸ்டர் போன்று தொழிற்சாலையிலேயே முழுமையாகக் கட்டப்படும் சிறு பேருந்துகள் உண்டு. அவற்றிலும் பின்னாளில் இருக்கைகளை மாற்றிக் கூட்டியிருந்தால், அந்தப் பெயருக்குப் பொருளில்லை.

இதற்கென உலக அளவில் விதிகள் இருக்கின்றன. ஐக்கிய நாட்டு ஒழுங்குமுறைகளில் ஆர்66 என்பது பேருந்துக் கூட்டின் வலிமையைப் பற்றியது. 800 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து வண்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்துச் சோதிக்கிறார்கள். பயணிகள் இருக்கும் இடத்திற்குள் கூரையும் தூணும் நசுங்கி நுழையக்கூடாது. ஆர்80 என்பது இருக்கைகளின் வலிமையையும் அவை தளத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும் உறுதியையும் பற்றியது. இவ்விரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். பிய்ந்து போகும் இருக்கையில் வாரைப் பூட்டி என்ன பயன்?

பட்டறையில் கண்டது

கூட்டத்திற்குப் பின், பழுதுபார்க்கும் தொழில் செய்யும் ஒரு பெற்றோரோடு, விற்பனைக்கு இருந்த பழைய பேருந்து ஒன்றைப் பார்க்கச் சென்றேன். நல்ல பெயருள்ள வண்டி. பளபளவென்று புது மஞ்சள் சாயம். உள்ளே வண்ண விளக்குகளும் திரைச்சீலையும். நான் மயங்கிவிட்டேன். அந்த நண்பர் விளக்கைப் பார்க்கவில்லை. தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கினார். இருக்கையின் திருகாணிகள் வெறும் ஒட்டுப்பலகையில் இறங்கியிருந்தன. பலகை ஈரத்தில் ஊறி, விரலால் அழுத்தினாலே அமிழ்ந்தது. "சார், ஒரு பிரேக் நல்லா போட்டா இந்த சீட்டு பிள்ளையோட முன்னாடி போயிரும்" என்றார். ஐந்து பத்திகள் கொண்ட என் அட்டவணை அந்தப் பலகையை எனக்குக் காட்டியிருக்குமா?

இன்னொன்றும் அவரிடம் கற்றேன். பழைய அடிச்சட்டத்தின்மேல் புதுப் பாடி கட்டி விற்பதுண்டு. வெளிநாட்டில் ஓடிய வண்டி இங்கே பிந்திப் பதிவு செய்யப்படுவதும் உண்டு. பதிவு ஆண்டு ஒன்று, தயாரித்த ஆண்டு வேறொன்று. அட்டையில் உள்ள அடிச்சட்ட எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நாம் மறந்துவிட்டோமா?

2013 ஆகஸ்டு 21ஆம் நாள் கெந்திங் மலைச்சாலையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டனர். 2025 ஜூன் 9ஆம் நாள் கெரிக் அருகே சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் சென்ற வாடகைப் பேருந்து கவிழ்ந்து 15 மாணவர்கள் உயிரிழந்தனர். ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் அது. நாளை நம்மோடு பள்ளியில் நின்றிருக்க வேண்டியவர்கள்! அடுத்த மாதமே, ஜூலை 1 முதல், விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கை வார் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. அந்த அறிவிப்பு பள்ளிப் பேருந்தைக் குறித்ததன்று. அதனால் நாமும் சிரித்துவிட்டு இருந்துவிடலாமா? சட்டம் கேட்காததைப் பெற்றோர் கேட்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

"பணத்துக்கு எங்கே போவது?"

இந்தக் கேள்வி உடனே வரும். நியாயமான கேள்விதான். ஆனால், குளிர்சாதனத்துக்கும் தொலைக்காட்சிக்கும் பெயர்ப் பலகைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? உயர்ந்த நிறுவனத்தின் மட்கிய வண்டியைவிட, எளிய நிறுவனத்தின் உறுதியான வண்டி மேலானது.

வண்டி வாங்குவதோடு செலவு முடிவதுமில்லை. உரிமம், காப்புறுதி, ஆறு மாதத்திற்கொரு முறை பரிசோதனை, டயர், டீசல் என்று மாதந்தோறும் பணம் வேண்டும். 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்ததை நினைவிற் கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டுநர்! முறையான பி.எஸ்.வி. உரிமம் உள்ளவருக்கு முறையான சம்பளம் தராமல், விடியலில் பள்ளிப் பிள்ளைகள், பகலில் தொழிற்சாலை ஆட்கள், மாலையில் மீண்டும் பள்ளி என்று அவரை ஓடவைத்தால், எந்த நிறுவனத்தின் வண்டியும் நம் பிள்ளைகளைக் காப்பாற்றாது. இவற்றுக்கு வழியில்லையென்றால் வண்டி வாங்க வேண்டாம். உரிமம் பெற்ற நல்ல நடத்துநரிடம் நிபந்தனைகளை எழுதி வாங்கிக்கொண்டு வாடகைக்கு அமர்த்துங்கள். அதில் ஓர் இழுக்கும் இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. பாடியைக் கட்டியவர் யார்? ஆர்66, ஆர்80 விதிகளுக்கு உட்பட்டதற்கான சான்று உண்டா?
2. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இருக்கையும் தனி வாரும் உண்டா? இருவர் இருக்கையில் மூவரை அமர்த்தும் எண்ணம் உண்டா?
3. அடிச்சட்டம் தயாரிக்கப்பட்ட ஆண்டு எது?
4. அவசரக் கதவு உள்ளிருந்து திறக்கிறதா? ஒரு சிறுவனைக் கொண்டே திறந்து பாருங்கள்.
5. ஓட்டுநரின் சம்பளமும் ஈராண்டுப் பராமரிப்புச் செலவும் கையில் உண்டா?

இவை ஐந்திற்கும் விடை கிடைத்த பிறகு, ஹினோவா இசுசுவா என்று விடிய விடிய வாதிடுங்கள். நானும் வந்து கலந்துகொள்கிறேன்.

அடுத்த கூட்டத்திற்குப் புதிய அட்டவணை ஒன்றைத் தயாரித்திருக்கிறேன். அதன் முதல் பத்தி இருக்கை வார். அதை எடுத்துப் பேசுமாறு அந்தத் தாயாரையே அழைத்திருக்கிறேன். இம்முறை யாரேனும் சிரித்தால், நான் வாய்மூடி இருக்கப் போவதில்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்!