நாலு மணி முதல் எட்டரை வரை: திருப்பூர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

திருப்பூரில் அரசுப் பள்ளிகள் மாலை நாலு மணி வாக்கில் விட்டுவிடுகின்றன. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் அம்மாவும் அப்பாவும் வீடு திரும்ப இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். இடைப்பட்ட நேரத்தில் லைன் வீடுகளின் வாசலில் பெரியவர்களைப் பார்ப்பது அரிது. பத்து வயதுப் பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் நிற்கிறாள். பையன்கள் தெருமுனையில் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளூர்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. அவர்களுடைய வீட்டுப்பாட நோட்டை வாசித்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அம்மாவும் அப்பாவும் வந்த பிறகும் இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நூலகர்கள், பனியன் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள் எனச் சிலர் ஒன்றுசேர்ந்து இந்த நாலரை மணி நேரத்தைப் பற்றி நகர மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்கள். வெளிமாநிலக் குடும்பங்கள் வசிக்கும் ஒவ்வொரு பகுதியிலும் பள்ளி விட்ட பிறகு ஒரு மாலை வகுப்பு நடக்க வேண்டும். அது தமிழிலும் குழந்தையின் வீட்டு மொழியிலும் நடக்க வேண்டும். அதைப் பொறுப்பேற்று ஒருங்கிணைக்க அந்தந்தப் பகுதியிலேயே ஒருவர் முன்வர வேண்டும். இதில் மூன்றாவதுதான் மிகவும் கடினம் என்பதால் குழுவினர் அதையே அழுத்திக் கேட்கிறார்கள்.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் கட்டிய ஊர் இது. தேனி, மதுரை, நெல்லை என்று தென்மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் கட்டிங்கிலும் டெய்லரிங்கிலும் செக்கிங்கிலும் உட்கார்ந்து, பிறகு சொந்தமாக நாலு மெஷின் போட்டு வளர்ந்த கதைகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. இப்போது தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் ஜார்க்கண்டையும் மேற்கு ஒடிசாவையும் கடந்து வந்து திருப்பூர் பிளாட்பாரத்தில் ஆட்களை இறக்குகிறது. முதலில் தனியாக வந்த இளைஞர்கள் இன்று மனைவி மக்களோடு வாடகை வீடு பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள்.

தமிழ்நாட்டுக்கு வந்த பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தால் போதாதா, அவர்கள் மொழி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மூன்றாம் வகுப்பில் சேரும், ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்துச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். ஒரு வருஷத்துக்குள் அவள் கடைக்குப் போய் மிச்சக் காசு கேட்டு வாங்கும் அளவுக்குத் தமிழ் பேசிவிடுவாள். ‘நன்றாகப் பேசுகிறாளே’ என்று ஆசிரியரும் நிம்மதியடைவார். ஆனால் கனடாவைச் சேர்ந்த மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வருவது வேறு. புதிய மொழியில் அன்றாடப் பேச்சு இரண்டு ஆண்டுகளுக்குள் கைவந்துவிடும். பாடநூல் மொழியில் வகுப்பில் மற்றவர்களுக்குச் சமமாக நிற்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். தெருத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் உள்ள தூரத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அந்தச் சிறுமி கணக்கில் தடுமாறுவது கழித்தல் தெரியாததால் அல்ல, கணக்கின் வாக்கியம் புரியாததால். அதே கணக்கை அவள் மொழியில் ஒருவர் ஒருமுறை சொல்லிவிட்டால் விடையைப் போட்டுவிடுவாள். பிறகு அதைத் தமிழில் சொல்லிக் கொடுத்தால், தெரிந்த பொருளுக்குப் புதுச் சொல் கற்பதோடு வேலை முடிந்துவிடும்.

எழுத்துப் பிழைகளின் சங்கதியும் இதுதான். இந்தியிலும் ஒடியாவிலும் க வரிசையில் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறுகிறது. தனித்தனி எழுத்துகளைப் பழகி வந்த பிள்ளை இங்கே குழம்புவது இயல்பு. இரண்டும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு மாலையில் விளங்கவைத்துவிடுவார். யாரும் இல்லாவிட்டால் சிவப்பு மைச் சுழிகள்தான் மிஞ்சும்.

இப்படி இரு மொழியில் சொல்லிக் கொடுப்பது கேரளத்தில் செய்து பார்க்கப்பட்ட காரியம். எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-இல் ‘ரோஷ்ணி’ என்ற திட்டத்தை ஒருசில அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. இந்தி, வங்காளம், ஒடியா தெரிந்த கல்வித் தன்னார்வலர்கள் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளோடு அமர்ந்து, அவர்கள் மொழியிலிருந்து மலையாளத்துக்கும் மலையாளத்திலிருந்து அவர்கள் மொழிக்கும் மாறி மாறிப் பேசிப் பாடம் நடத்தினார்கள். அங்கே வகுப்பு பள்ளி தொடங்குவதற்கு முன் காலையில் நடந்தது. கூடவே சிற்றுண்டியும் கொடுத்தார்கள். திட்டம் பின்னர் மேலும் பல பள்ளிகளுக்கு விரிந்தது. திருப்பூரின் ஷிப்ட் கணக்குக்கு மாலைதான் பொருந்தும் என்பது குழுவின் எண்ணம்.

வீட்டு மொழி தேவைப்படுவதற்கு மற்றொரு காரணம் ரயில். சத் பூஜை, நுவாகாய் பண்டிகைகளுக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் சில சமயம் மாதக்கணக்கில் தங்கிவிடுகின்றன. சில குடும்பங்கள் திரும்புவதே இல்லை. அங்கே பள்ளியில் சேரும்போது தன் மொழியின் எழுத்து தெரியாத பிள்ளை மறுபடியும் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இங்கேயே தங்கிவிட்டாலும் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் காத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் வகுப்பு வகுப்பாக ஏறிப் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை சமாளித்துவிடும்; ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு மாலை வகுப்பை விட்டால் வேறு வழி இல்லை.

பிழைக்கப் போன ஊரில் பிள்ளைகளைத் தாய்மொழியில் படிக்கவைப்பது தமிழர்களுக்குப் புதிய அனுபவமும் அல்ல. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கும் பிற வேலைகளுக்கும் பம்பாய்க்குப் போனவர்கள் தாராவியில் குடியேறினார்கள். மும்பை மாநகராட்சி நடத்தும் பள்ளிகளில் பயிற்று மொழிகள் எட்டு; அவற்றில் தமிழும் ஒன்று. மராத்தி பேசும் ஒரு மாநகரம் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் படிக்க இடம் கொடுத்தது. திருப்பூரில் குழுவினர் கேட்பது தனிப் பள்ளிகள்கூட அல்ல, மாலையில் இரண்டு மணி நேரம்.

தேவையான பொருள்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கின்றன. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, அக்கம்பக்கத்துப் பெண்களே மாலையில் இருபது பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்த முடியும் என்பதை மாநிலம் முழுக்கக் காட்டியது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை ‘தமிழ் மொழி கற்போம்’ என்ற திட்டத்தையும் தொடங்கியிருக்கிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் இலவசமாகக் கிடைக்கிறது, அச்சிட்டுக்கொள்ளலாம், தடையில்லை. கிளை நூலகங்கள் இருக்கின்றன, மாலையில் காலியாகும் பள்ளி அறைகள் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் ஒரே தெருவில் கொண்டுவந்து சேர்க்கத்தான் ஆள் இல்லை.

ஒருங்கிணைப்பாளரின் முதல் வேலை, காம்பவுண்டு காம்பவுண்டாகப் போய் எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எந்தப் பள்ளி, வீட்டில் என்ன மொழி என்று கேட்டு எழுதுவது. கடைசிக் கேள்வியைத் தவிர்த்துவிடக் கூடாது. ஊர் இவர்களை ‘இந்திக்காரப் பிள்ளைகள்’ என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறது. உண்மையில் மேற்கு ஒடிசாக் குடும்பங்களின் வீட்டில் சம்பல்புரி ஒலிக்கிறது. பீகார்க் குடும்பங்களில் போஜ்புரியும் மைதிலியும். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களில் சந்தாலி பேசுவோரும் உண்டு. எல்லாரையும் இந்திப் புத்தகத்தின் முன் உட்காரவைத்தால், தமிழோடு இன்னொரு அந்நிய மொழியையும் தலையில் ஏற்றுவதாகிவிடும். தன் மாநிலத்துப் பழங்குடிப் பிள்ளைகளுக்காக ஒடிசா அரசே பல ஆண்டுகளாக அவர்களின் தாய்மொழிகளில் தொடக்கப் பாடங்களை நடத்தி வருகிறது. பெற்றோரிடம் கேட்டு எழுதும் ஒரு வரி இங்கே பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

அந்த மொழிகளில் சொல்லிக் கொடுக்க ஆளுக்கு எங்கே போவது? அதே காம்பவுண்டுக்குத்தான். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கணவரோடு வந்து வீட்டில் இருக்கும் இளம் தாய்மார்கள் இருக்கிறார்கள். கம்பெனி விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரும் தமிழ் சொல்லித்தரும் உள்ளூர்க்காரர் ஒருவரும் ஒரே பாயில் ஜோடியாக உட்கார வேண்டும். முதல் அரை மணி நேரம் வீட்டு மொழியில் கதையும் எழுத்தும், பிறகு அதே கதை தமிழில், கடைசியில் பள்ளிக்கூட வீட்டுப்பாடம். நடுவில் ஒரு கிண்ணம் சுண்டல். இருவருக்கும் ஊக்கத்தொகை தர வேண்டும் என்பதில் குழுவினர் உறுதியாக இருக்கிறார்கள். பீஸ் ரேட்டுக்கு உழைக்கும் குடும்பத்துப் பெண்ணிடம் இரண்டு மணி நேரத்தைச் சும்மா கேட்பது முறையல்ல.

மற்றவை அன்றாடக் காரியங்கள். ஆனால் வகுப்பு நிலைப்பதும் கலைவதும் அவற்றில்தான் இருக்கிறது. ஒரு தன்னார்வலர் வராத நாளில் மாற்று ஆள் வேண்டும். வகுப்பாசிரியரிடம் மாதம் ஒருமுறை பேச வேண்டும். சனிக்கிழமை சம்பள நாள், கடைவீதிக்குப் போகும் நாள் என்று தெரிந்து நேரத்தை மாற்ற வேண்டும். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். வருபவர்களைப் பற்றி விசாரித்த பிறகே பிள்ளைகளோடு விட வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அதே தெருவின் தமிழ்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்ந்து விளையாடும் பிள்ளைகளிடமிருந்து வரும் தமிழ் எந்தப் பாடநூலிலிருந்தும் அவ்வளவு வேகமாக வராது.

கணக்கெடுப்பில் பள்ளியிலேயே சேராத பிள்ளைகளும் தட்டுப்படுவார்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்ற காரணங்களால் பெற்றோர் தயங்கி நிற்பார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இவை சேர்க்கையை மறுக்கக் காரணமாகாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களோடு சமமாக வரச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இதைத் தெரிந்த ஒருவர் பெற்றோரோடு பள்ளிக்கு நடந்து போனாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆகவே குழுவினர் ஒவ்வொருவரிடமும் அவரவரால் முடிந்ததைக் கேட்கிறார்கள். கம்பெனி உரிமையாளர்கள் தங்கள் தொழிலாளர்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடிய ஒருவரை, சம்பளம் பிடிக்காமல், வாரத்தில் சில நாள் ஐந்து மணிக்கே அனுப்ப வேண்டும். லைன் வீட்டு உரிமையாளர்கள் காலியாக இருக்கும் ஓர் அறையையோ மொட்டை மாடியையோ ஒரு டியூப்லைட்டோடு திறந்துவிட வேண்டும். தலைமையாசிரியர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் வெளிமாநிலத் தாய் ஒருவருக்காவது இடம் கிடைக்கச் செய்ய வேண்டும். கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்துக்காவது தொடர்ந்து வர வேண்டும். நாலு நாள் வந்து நின்றுவிடுவதைப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் அஞ்சல் ஊழியர்களும் தங்கள் பகுதிக்கு ஒருங்கிணைப்பாளராக வேண்டும்.

ஜூனில் பள்ளிகள் திறப்பதற்குள் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், நல்லூர், திருமுருகன்பூண்டி என்று எங்கே குடியிருந்தாலும், இந்த வாரமே ஒரு மாலை உங்கள் தெருவின் கடைசிக் காம்பவுண்டு வரை நடந்து போய், அங்கிருக்கும் பிள்ளைகளின் பெயரையும் வீட்டு மொழியையும் எழுதிக்கொண்டு, அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள்.