தோல் திரைக்குப் பின்னால்

கத்தரிக்காயைத் தவிர வேறொன்றையும் கத்தியால் வெட்டியறியாத எனக்கு, வேட்டைக் கத்தியில் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். கத்தியில் அக்கறை இல்லை. அதைச் செய்தவர்களின் கதையில்தான் அக்கறை.

அமெரிக்காவில் அர்க்கன்ஸாஸ் மாகாணத்தில் வாஷிங்டன் என்று ஒரு சிற்றூர் உண்டு. தலைநகரம் வேறு, இது வேறு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே ஜேம்ஸ் பிளாக் என்னும் கொல்லர் பட்டறை வைத்திருந்தார். புகழ் பெற்ற 'போவி' கத்தியை அடித்துக் கொடுத்தவர் அவரே என்பது ஊரார் கட்சி. சரித்திரக்காரர்களுக்குள் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அவருடைய கத்தியின் பெருமையெல்லாம் தோய்ச்சலில் இருந்ததாம். அந்த வேலையை மட்டும் தோல் திரைக்குப் பின்னால், ஒருவர் கண்ணிலும் படாமல் செய்வாராம்.

தோய்ச்சல் அப்படி என்ன பெரிய வித்தை? எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று அமிழ்த்தினால் அது கடினமாகிவிடும். ஆனால் கண்ணாடியைப் போல் நொறுங்கும் குணமும் கூடவே வந்துவிடும். ஆகையால், முன்னிலும் மிகக் குறைந்த சூட்டில் மறுபடி வாட்டி, அந்த முரட்டுத்தனத்தைத் தணிக்க வேண்டும். அப்போது மெருகிட்ட எஃகின்மேல் வைக்கோல் நிறம் தோன்றும். சூடு ஏற ஏறப் பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாகும். கத்தியின் வாய் வைக்கோல் நிறத்தில் நின்றுவிட வேண்டும்; முதுகு நீலம் வரை போகலாம். வாயில் கடினம், முதுகில் இளக்கம்: இவ்விரண்டையும் ஒரே இரும்பில் குடிவைப்பதுதான் சூட்சுமம்.

பிளாக் பிற்காலத்தில் கண் பார்வையை இழந்தார். ஒரு குடும்பத்தார் அவரை நெடுங்காலம் தங்கள் வீட்டில் வைத்து ஆதரித்தார்கள். 1870-ல், தம் எழுபதாவது பிறந்த நாளன்று, அவ்வீட்டுப் புதல்வர் டேனியல் ஜோன்ஸை அழைத்து, ரகசியத்தைச் சொல்வதாகவும் எழுதிக்கொள்ளும்படியும் கூறினார். ஜோன்ஸ் காகிதமும் பேனாவும் மையுமாக வந்து உட்கார்ந்தார். கிழவர் யோசித்தார்; நெற்றியைத் தேய்த்துக் கொண்டார்; அறையில் இங்குமங்கும் நடந்தார். ஒன்றும் வரவில்லை. எல்லாம் மறந்து போயிருந்தது! கிழவர் விம்மி அழுதார். 1872-ல் காலமானார். பின்னாளில் மாகாண கவர்னராக விளங்கிய ஜோன்ஸே இதை எழுதி வைத்திருக்கிறார்.

நூறு வருஷம் கழிந்தது. யந்திரக் கத்திகள் மலிந்துவிட்ட அந்நாட்டில், உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் கத்தி அடிப்போரை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. அப்போது மேரிலாந்து மாகாணத்தைச் சேர்ந்த பில் மோரன் என்பவர், பல வருஷம் சோதனை செய்து, இரண்டு வகை எஃகை அடுக்கி, சேர்த்தடித்து, மடித்து, மீண்டும் அடித்து, நீரோட்டம் போன்ற வரிகளுள்ள கத்திகளை உண்டாக்கினார். 1973-ல் கத்தி செய்வோர் கண்காட்சியில் அவற்றை வைத்தார். வைத்ததோடு நிற்கவில்லை, செய்முறையை விளக்கும் சிறு புத்தகத்தையும் இலவசமாகக் கொடுத்தார்!

1976-ல் அவரும் நண்பர்களும் ஒரு கொல்லர் சங்கம் நிறுவினார்கள். அதன் பரீட்சை கடுமையானது. தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் துண்டிக்க வேண்டும். வீடு கட்டும் மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டிப் பிளக்க வேண்டும். அதன் பிறகும் அதே கத்தி கையிலுள்ள ரோமத்தை மழிக்க வேண்டும். கடைசியில், இடுக்கியில் பிடித்து வளைத்தால் தொண்ணூறு பாகை வளைந்தும் முறியக் கூடாது. 1988-ல் சங்கத்தின் பள்ளிக்கூடமும் திறக்கப்பட்டது. எந்த ஊரில்? அதே வாஷிங்டனில்! ஜேம்ஸ் பிளாக்கின் பெயரைத் தாங்கிய கொல்வேலைப் பள்ளியொன்றும் பிற்பாடு அங்கே தோன்றியது. திரை போட்டவர் பெயரால் திறந்த பட்டறை!

நாம் சிரிப்பதற்கில்லை. பழைய டமாஸ்கஸ் வாள்களின் வரி மடித்தடித்து வந்ததன்று. மண் மூசையில் உருக்கிய எஃகோடு பிறந்தது. அந்த எஃகுக்குத் தென்னாடு பேர் போனது. கொடுமணல் அகழ்வில் அதற்குத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்நியச் சரக்கு மலிந்தது. நம் உலைகள் அணைந்தன. கைப்பக்குவம் அறிந்தவர்களோடு பக்குவமும் போயிற்று. அதை மீண்டும் கண்டறிய வெர்ஹோவன் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் பல வருஷம் பாடுபட்டார்கள். இரும்பில் கலந்த வனேடியம் போன்ற உலோகங்களின் மிகச் சிறு கலப்பே அவ்வரிக்கு மூலம் என்று 1998-ல் வெளியிட்டார்கள்.

நம் வீடுகளிலும் தோல் திரைகள் தொங்குகின்றன. பாட்டியின் கைமருந்து, தாத்தாவின் மனக்கணக்கு, சித்தப்பாவின் வீணை மீட்டு எல்லாம் அவற்றின் பின்னால் இருக்கின்றன. சொல்லாதவர்கள் பேரில் மட்டும் குற்றமில்லை. கேட்காதவர்கள் பேரிலும் உண்டு. இன்று மாலையே காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர்கள் நெற்றியைத் தேய்க்கும் நாள் வருவதற்கு முன்னால் உட்காருங்கள்.