நியாயம் தேடும் தாயின் கூடப் போவது யார்?



சில ஆண்டுகளுக்கு முன், ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின் ஒரு சகோதரி இரண்டு பிள்ளைகளோடு என்னிடம் வந்தார். கணவர் அவர்களை வீட்டைவிட்டு அனுப்பி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. "ஐயா, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லை" என்று அழுதார். "பொறுமையாயிருங்கள் அம்மா, கர்த்தர் அவர் மனதை மாற்றுவார்" என்று சொல்லி, ஜெபித்து அனுப்பினேன்.

மறுமுறை வந்தபோது, கணவர் வீட்டார் நீட்டிய முத்திரைத்தாளில் அவர் கையொப்பமிட்டிருந்தார். திருமண உறவு முடிந்தது, பராமரிப்புத் தொகை கேட்பதில்லை என்று அதில் எழுதியிருந்தது. வழக்கறிஞரிடம் கேட்கப் பணமில்லை என்றார். ஜெபித்ததோடு நான் நின்றுவிட்டது இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்று நான் அறியாதிருந்ததை நீங்கள் அறிந்துகொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி, பெண்களும் பிள்ளைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். குறைந்த வருமானமுள்ள தகப்பன்மாரும், மாநில அரசு வகுத்த வரம்புக்குட்பட்டு இதைப் பெறலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் ஆலோசனை கிடைக்கும். தேவையானால் வழக்கறிஞரையும் அமர்த்தித் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதால் கிறிஸ்தவத் திருமணம் முறிவதில்லை. அதை நீதிமன்றமே முறிக்க இயலும். தாயின் கையொப்பத்தால் பிள்ளைகளின் பராமரிப்பு உரிமையும் அற்றுப்போவதில்லை.

"சபையே விவாகரத்துக்கு வழிகாட்டலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். விவாகத்தின் புனிதத்தை நானும் மேன்மையாகவே எண்ணுகிறேன். ஆனால் பராமரிப்புத் தொகை கோருவதற்கு விவாகரத்து தேவையே இல்லை. திருமணம் நீடிக்கையிலேயே மனைவியும் பிள்ளைகளும் அதைக் கேட்கலாம். குடும்ப நல நீதிமன்றமும் முதலில் சமரசத்திற்கே முயலுகிறது. அடி உதைக்குப் பயந்து வந்தவளை மட்டும், ஒப்புரவின் பெயரால் அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதிருப்போம்.

லூக்கா 18ஆம் அதிகாரத்தின் விதவையை நினைத்துப்பாருங்கள். அவளுக்காகப் பேச ஒருவரும் இல்லை. தனியாகவே நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போனாள். விடாமல் ஜெபிப்பதற்கு ஆண்டவர் அவளையே உவமையாக வைத்தார். ஜெபிப்பதும் நியாயம் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் எங்கே கற்றோம்?

நம் சபையில் படித்தவர்களும் அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறீர்கள். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றைத் திரட்டித் தந்து, ஒருநாள் அந்த அலுவலகம்வரை கூடச் செல்ல உங்களில் இருவர் முன்வந்தால் போதும். அந்தக் குடும்பத்தின் காரியத்தை வெளியே பேசாதிருப்பதும் அந்த ஊழியத்தின் பகுதியே. விருப்பமுள்ளவர்கள் வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் என்னைச் சந்தியுங்கள்.

திக்கற்றோரின் தேவன் நம்மை அவர்களுக்குத் துணையாக்குவாராக. ஆமென்.